ஓரகத்தியின் வாள்

வீட்டில் நடந்த விஷயம் பாஞ்சாலைக்குப் பஸ் ஸ்டாண்டிலேயே தெரிந்துவிட்டது. ஆடிக்கூழுக்குக் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு, இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் திருவண்ணாமலையில் வந்து இறங்கியிருந்தாள். அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம். பூக்காரி கன்னியம்மாள், தொடுத்துக்கொண்டிருந்த முல்லையை மடியிலேயே போட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

"இன்னாம்மா பாஞ்சால, உங்க வூட்ல பெரிய அமர்க்களமாமே! உன் ஓரகத்தி வாள எடுத்துக்கினு ரெண்டு திருடனுங்கள வெரட்டுனாளாமே!"

"யாரு, ரேவதியா?"

"அவதாம்மா. ஊரே பேசுது. உனக்கே தெரியாதா?"

யாருக்காவது அடிபட்டதா, ரேவதியின் கைக்குழந்தைக்கு ஒன்றும் இல்லையே என்று பாஞ்சாலை கேட்டாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மூச்சு வந்தது. ஆனால் பேகோபுரத் தெருவுக்கு நடந்து போகிற வழியில் இன்னும் மூன்று பேர் அவளை நிறுத்தி அதையே சொன்னார்கள். மூன்றாவது ஆள் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கன்னம் வலித்தது. சிரித்த முகத்தை அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தாள்.

நடந்தது இதுதான். பகல் பதினொரு மணிக்கு, நகைக்குப் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்று பையோடு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லியும் போகவில்லை. ஒருவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். ரேவதி உள்ளே திரும்பியதும் பின்னாலேயே வந்து கழுத்துச் சங்கிலியில் கை வைத்துவிட்டான். அவள் அவன் கையைக் கடித்துவிட்டுப் பூஜை அறைக்குள் ஓடி, சுவரில் இரண்டு ஆணியில் கிடந்த பழைய வாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "கீழ வைம்மா, கைய அறுத்துக்கப் போற" என்று ஒருவன் சிரித்தானாம். அவள் இரண்டு கையாலும் பிடித்து நீட்டியபடி ஓர் அடி முன்னால் வைத்தாள். அவ்வளவுதான், பையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருவனைத் தெருமுனையில் பிடித்துக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள்.

இதில் பாஞ்சாலை சந்தோஷப்படத்தான் வேண்டும். பட்டாள் என்றும் சொல்லலாம், ஒரு பொழுது வரைக்கும்.

அப்பாதுரைக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பரசுராமன் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவன் பெண்டாட்டி பாஞ்சாலை. வாக்கப்பட்டு வந்து பன்னிரண்டு வருஷம். எட்டாவது வரை படித்தவள், பத்து வயதில் எழில் என்று ஒரு பெண். இளையவன் பிரசாத் டெலிபோன் ஆபீசில் இருந்தான். அவன் வேலூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரேவதி பி.காம். படித்தவள். கைக்குழந்தை இனியாவுக்கு ஒன்றரை வயது. ஒரே வீடு, இரண்டு அடுப்பு, நடுவில் ஒரு கூடம், கூடத்தை ஒட்டிப் பூஜை அறை. மாமியார் இல்லாத வீட்டில் அந்தப் பூஜை அறை பாஞ்சாலையின் பொறுப்பு.

அந்த வாளும் அவள் பொறுப்புதான். மாமனாரின் முப்பாட்டன் செங்கம் பக்கத்துப் பாளையக்காரர் ஒருவரிடம் காவலுக்கு இருந்தாராம். அவர் இடுப்பில் தொங்கியது. பித்தளைப் பிடி, கை நீளத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தியான அலகு, நுனியில் லேசான வளைவு. பன்னிரண்டு வருஷமாக ஆயுத பூஜைக்கு முதல் நாள் அதைப் புளி போட்டுத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைப்பவள் பாஞ்சாலை. ரேவதி அதைத் தொட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை.

தொட்ட முதல் தடவையிலேயே பேப்பரில் படம் வந்துவிட்டது.

பேப்பர்காரன் வந்தபோது பாஞ்சாலைதான் காபி போட்டுக் கொடுத்தாள். ரேவதியை வாளோடு வாசலில் நிற்க வைத்தான். "கொஞ்சம் கோவமா பாருங்க மேடம்" என்றான். ரேவதிக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. "அக்கா, நீங்களும் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். பாஞ்சாலை டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் வந்த படத்தில், ரேவதியின் தோளுக்குப் பின்னால் கதவோரம் ஒரு புடவை முந்தானை மட்டும் தெரிந்தது. அது தன்னுடையது என்று பாஞ்சாலைக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கப்புறம் வீட்டுக்கு யாராவது வந்தால் ரேவதியைப் பார்க்கத்தான் வந்தார்கள். தெருப் பெண்கள் அவளிடம் யோசனை கேட்டார்கள். ஒருத்தி தன் வீட்டில் குத்துவிளக்குப் பக்கத்தில் மாமனார் காலத்து அரிவாளைக் கொண்டுவந்து வைத்தாள். எதிர்வீட்டு வள்ளி, ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களுக்குப் பழைய சாமான் விற்கிற கடையில் ஒரு குத்துவாள் வாங்கி வந்து, "சரியா இருக்குதா பாரு ரேவதி" என்று காட்டினாள். ரேவதியும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பிடி கைக்கு அடக்கமா இருக்கு. தலகாணி பக்கத்துல வெக்காதீங்க, கை எட்டுற ஒயரத்துல மாட்டுங்க" என்றாள். எங்கே படித்தாளோ! கேட்டுக்கொண்டே அரிசி புடைத்த பாஞ்சாலை, கல்லோடு அரிசியையும் சேர்த்துக் கீழே தள்ளினாள்.

அதுகூடப் போகட்டும். ஒருநாள் எழில் துடைப்பக் கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தில் குதித்தாள்.

"இன்னாடி ஆட்டம் இது?"

"நான் சித்தி! அம்மா, நீ திருடன். ஓடு!"

பெற்ற பெண். பாஞ்சாலை துடைப்பத்தைப் பிடுங்கி அதாலேயே ஒன்று வைத்தாள். எழில் அழுதுகொண்டே ஓடியது சித்தியின் அறைக்கு.

ஆவணி பிறந்ததும் மாமனார் அந்த முடிவைச் சொன்னார். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், துண்டால் வாயைத் துடைத்தபடி, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"வாள் இனிமே ரேவதி ரூம்ல இருக்கட்டும். பிரசாத்துக்கு நைட் டூட்டி வேற வருது. எடுத்து நிக்கத் தெரிஞ்சவ கிட்ட இருந்தாதான அதுக்கு மரியாதை?"

"சரிங்க மாமா" என்றாள் பாஞ்சாலை. அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பது அதைச் சொன்ன பிறகுதான் உறைத்தது. பரசுராமன் அவனே இரண்டு ஆணியையும் பிடுங்கிக்கொண்டுபோய், ரேவதியின் அறை நிலைக்கு மேல் அடித்துக் கொடுத்தான்.

அன்றிரவு அவனிடம், "அன்னிக்கு நான் ஊருக்குப் போவாம இருந்தா, அதே வாள நான் எடுத்திருக்க மாட்டனா?" என்று கேட்டாள்.

"நீயா? நீ பல்லிக்கே கத்துவ" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தான். கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சோறு வடிக்கும்போதும் கிணற்றில் வாளி விடும்போதும், நான் இருந்திருந்தால், நான் இருந்திருந்தால் என்று அதே ஓடியது. தான் வாளை நீட்டுவதுபோல, திருடன் காலில் விழுவதுபோல, படம் எடுக்கிறவன் ‘கோவமா பாருங்க மேடம்’ என்று தன்னிடம் சொல்வதுபோல. தனக்கென்றால் சிரிப்பு வந்திருக்காது என்று நினைத்துக்கொள்வாள்.

புரட்டாசியில் ஒரு காலை, ரேவதி குழந்தைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. பாஞ்சாலை ரேவதியின் அறைக்குள் போய், முக்காலியைப் போட்டு ஏறி வாளை எடுத்தாள். எத்தனை தடவை துடைத்த சாமான், இருந்தும் அதன் பிடியைப் பிடித்துத் தூக்கியதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மடியில் கிடத்தித் துடைப்பதோடு சரி. கனமாக இருந்தது. நிலைக்கண்ணாடி முன்னால் நின்று நீட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ரேவதியைவிடத் தோள் அகலம் தனக்கு.

பிறகு ஓங்கி ஒரு வீச்சு வீசினாள். இரண்டாவது வீச்சில் உள்ளங்கைக்குள் ஏதோ ‘கர்ரக்’ என்றது. அலகு பிடியை விட்டு நழுவிக் கீழே விழுந்து, சிமெண்டுத் தரையில் ஒரு வெள்ளைக் கீறல் போட்டது. வெறும் பிடி கையில் நின்றது. அதற்குள்ளிருந்து மிளகுத்தூள் மாதிரிக் கறுப்பாக ஏதோ கொட்டியது. பிடியையும் அலகையும் சேர்த்துப் பிடித்திருந்த பழைய அரக்கு, மக்கிப் போயிருந்தது. உள்ளே நுழையும் இரும்புத் துண்டும் துரு தின்று ஊசியாக மெலிந்திருந்தது.

பாஞ்சாலை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் பயம், தான் உடைத்துவிட்டோமே என்று. பிறகு புரிந்தது: இது இன்றைக்குக் கழன்றது இல்லை. எப்போதோ விட்டுப்போனது. அன்றைக்கு ரேவதி நீட்டிக்கொண்டு நின்றாள், அவர்கள் ஓடினார்கள். ஓடாமல் இருந்து, அவள் ஒரு வீச்சு வீசியிருந்தால் கையில் பிடிதான் மிஞ்சியிருக்கும்.

அந்த நினைப்பு வந்ததும் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. வெயிலில் வந்தவளுக்கு மோர் கிடைத்தது போல. ஊர் கொண்டாடுகிற வீரம் ஒரு செத்த வாளை வைத்துக்கொண்டு நின்ற வீரம். இது தனக்கு மட்டும் தெரியும்.

அலகைப் பிடிக்குள் செருகி, தரையில் தட்டி இறுக்கி, பழைய இடத்தில் வைத்துவிட்டுக் கறுப்புத் தூளைப் பெருக்கித் தள்ளினாள். சொல்லக் கூடாது என்று அவள் நினைக்கவில்லை. ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போது எல்லார் முன்னாலும் கண்டுபிடித்தது போல, "மாமா, பிடி ஆடுதே, இத்தப் போயி நம்பிக்கினு இருக்கோம்" என்று சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள். ரேவதியின் முகம் அப்போது எப்படி மாறும் என்றுகூட நினைத்துப் பார்த்து வைத்திருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. பாஞ்சாலை புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அப்பாதுரை கூடத்தில் உட்கார்ந்து, "ரேவதிம்மா, வாளுக்கு நீயே பொட்டு வைம்மா. இந்த வருஷம் அது உன் வாள்" என்றார்.

"ஐயோ மாமா, அக்காதான எப்பவும்..."

"அக்கா மத்தத எல்லாம் பாத்துக்குவா. நீ வை."

ரேவதி தயங்கிப் பாஞ்சாலையைப் பார்த்தாள். பாஞ்சாலை புளிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். "வை" என்றாள். ரேவதிக்குத் துடைக்கத் தெரியவில்லை. மேலாகத் தண்ணீர் தொட்டு ஒத்திவிட்டுப் பொட்டு வைத்தாள். பிடி கொஞ்சமும் அசையவில்லை. ‘ஒருநாள் நாலு பேர் எதிர்ல நீயே வீசு. அப்போ தெரியட்டும்’ என்று பாஞ்சாலை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு அரிவாள்மணைக்கும் குழவிக்கும் குங்குமம் வைக்கப் போனாள்.

கார்த்திகை தீபம் நவம்பர் கடைசியில் வந்தது. வழக்கமாகத் தீபத்தன்று வீட்டில் மாமனார் இருப்பார். ஊருக்குள் லட்சக்கணக்கில் ஜனம் வரும் நாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் பூட்டு இருக்கும், சாமான் இருக்காது. இந்த வருஷம் அப்பாதுரைக்கு மலையைச் சுற்றிவர ஆசை. இனியாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், அதனால் ரேவதி வர முடியாது. பிரசாத்துக்கு டூட்டி.

"ரேவதி தனியா இருப்பாளே" என்று பரசுராமன் இழுத்தான்.

"வாள் இருக்குது, அவ இருக்கா. எவன் வருவான்?" என்றார் அப்பாதுரை.

ரேவதியும், "போய்ட்டு வாங்க மாமா, எனக்கென்ன பயம்" என்று சொல்லி நிலைக்கு மேலே ஒரு பார்வை பார்த்தாள். பாஞ்சாலை அப்போது எழிலுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வாய் வரை வந்தது. இப்போது சொன்னால், எப்போது தெரியும் என்று கேட்பார்கள். பின்னலை இறுக்கிக் கட்டினாள். "வலிக்குதும்மா!" என்று எழில் கத்தினாள்.

மூன்றரை மணிக்குக் கிளம்பினார்கள். செங்கம் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. தூறல் போட்டது. எல்லாரும் அரோகரா சொல்லிக்கொண்டு நடந்தார்கள். பாஞ்சாலைக்கு மட்டும் வாயில் வரவில்லை. கிரிவலப் பாதையில் எமலிங்கம் தாண்டியதும் முன்னால் போன ஒரு பெண்ணின் தோளில் குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டு வந்தது. காய்ச்சல்கார இனியாவின் கன்னம் மாதிரியே சிவந்த கன்னம். ரேவதி வாளை நம்பிக் கதவைத் திறந்து நிற்பது கண்ணில் தெரிந்தது. வாள் இல்லையென்றால் அவள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கத்துவாள், தெரு வரும். வாள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் எதிரே போய் நிற்பாள்.

நிருதிலிங்கத்துக்கு முன்பே அவள் நின்றுவிட்டாள்.

"என்னங்க, எனக்கு வயித்த இன்னாவோ பண்ணுது. நான் வூட்டுக்குப் போறேன். நீங்க எழில கைய வுடாம கூட்டிக்கினு போங்க."

"இந்தக் கூட்டத்துல எப்படிப் போவ?"

"போய்க்கறேன்."

திரும்பி நடப்பது லேசாக இல்லை. வருகிற ஜனம் மொத்தமும் அவள் மேல் வந்து மோதியது. "ஏம்மா, தீபத்தன்னிக்கு மலைய இடமா சுத்துற? பாவம்மா!" என்று ஒரு கிழவர் அதட்டினார். அவள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு ஓரமாக, சில இடத்தில் சாக்கடை மேல் நடந்து, கால் விரல் நகம் பெயர்ந்து, பேகோபுரத் தெருவுக்கு வந்தபோது ஆறு அடிக்கப் போகிற நேரம்.

வாசல் கதவு உள்பக்கம் தாழ். தட்டினாள். அந்த நேரம் பார்த்து மலை உச்சியில் தீபம் ஏறியது. ஊர் முழுக்க ஒரே குரலாக அரோகரா எழுந்தது. தெருவில் சரவெடி கொளுத்திவிட்டார்கள். அவள் தட்டியது அவளுக்கே கேட்கவில்லை. பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைப்புறம் போனாள். அங்கே கதவில் ஒரு பலகை இடைவெளி உண்டு. கையை விட்டுக் கொக்கியை எடுக்க வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். எடுத்து உள்ளே வந்தாள். நடையில் விளக்கு போடவில்லை.

"யாரு?" என்று ஒரு குரல்.

"நான்தான்" என்றாள் பாஞ்சாலை. வெடிச் சத்தத்தில் அது போன இடம் தெரியவில்லை.

ரேவதி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்தது, முக்காடு போட்டு நனைந்து வந்த ஒரு கறுப்பு உருவம், கொக்கியைத் தானே எடுத்து உள்ளே வந்தது. இந்தத் தடவை அவள் வாளை நீட்டவில்லை. இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஓங்கினாள்.

பாஞ்சாலை அசையவில்லை. அசையத் தோன்றவில்லை. கை இறங்கியது. பித்தளைப் பிடி மட்டும் அவள் தோள்பட்டையில் வந்து இடித்தது. எங்கோ பின்னால் ‘ணங்’ என்று ஒரு சத்தம்; உடனே குழந்தை வீறிட்டது.

"ஐயோ, அக்காவா? அக்கா!" என்று கத்தியபடி ரேவதி பிடியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பாஞ்சாலையும் ஓடினாள். ஓங்கும்போதே கழன்ற அலகு பின்னால் பறந்து, சுவரில் பட்டு, பாயில் விழுந்திருந்தது. நுனி தலையணை உறையைக் கிழித்துப் பஞ்சு வெளியே வந்திருந்தது. இனியாவின் காதுக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளி.

ரேவதி குழந்தையை வாரி எடுத்து, தலை, கை, கால் என்று தடவிப் பார்த்தாள். பிறகு ஒரு கையால் பாஞ்சாலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நல்லவேளை கழண்டுச்சு அக்கா! உங்கள வெட்டியிருப்பேன். கொன்னுருப்பேன். சாமிதான் காப்பாத்துச்சு."

அப்படியே விட்டிருக்கலாம். சாமி காப்பாற்றியது என்று ஊரும் சொல்லும். பாஞ்சாலை அந்தப் பஞ்சைப் பார்த்தாள்.

"சாமி இல்ல ரேவதி. அது ஆடுதுன்னு எனக்குத் தெரியும்."

"என்னக்கா?"

"நீ ஆஸ்பத்திரிக்குப் போனன்னிக்கு எடுத்து வீசிப் பாத்தேன். கழண்டுச்சு. நான்தான் செருகி வெச்சேன்."

ரேவதி கையை எடுத்துக்கொண்டாள். "எப்ப?"

"ஆயுத பூஜைக்கு முன்னாடி."

"தெரிஞ்சும் மலை சுத்தப் போனீங்களா?"

ரேவதி கேட்டுக்கொண்டே போனாள்: "ஏன்க்கா? நான் என்ன பண்ணேன் உங்களுக்கு?"

"நீ ஒண்ணும் பண்ணல. எல்லாரும் உன்னயே சொன்னாங்க. எனக்குப் பொறுக்கல."

"போங்க" என்றாள் ரேவதி. குரல் உயரவில்லை. "உங்க பக்கம் போங்க."

ஒன்பது மணிக்கு எல்லாரும் வந்தார்கள். ஏதோ சத்தம் கேட்டு எடுத்தேன், பிடி கழன்றுவிட்டது என்று மட்டும் ரேவதி சொன்னாள். யார் பேரையும் சொல்லவில்லை. அது பாஞ்சாலைக்கு அடியைவிட வலித்தது. இதிலும் அவள்தான் பெரியவளாக நிற்கிறாள் என்று, அந்த நிலையிலும், ஒரு ஓரத்தில் எரிந்தது. தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாள் அப்பாதுரை காபி குடிக்கும்போது பாஞ்சாலையே போய் எதிரில் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பன்னெண்டு வருஷம் தொடச்சவள ஒரு வார்த்த கேக்காம எடுத்துக் குடுத்தது நான்" என்றார். "அதுக்காக நீ செஞ்சது சரின்னு ஆயிடாது."

"இல்லங்க மாமா."

பிரசாத் வாசலுக்கு இரும்பு கிரில் கேட் போட்டான். கொல்லைக் கதவின் இடைவெளியைப் பலகை அடித்து மூடினார்கள். வாளைக் கொல்லனிடம் காட்டியபோது, வெல்டிங் வைத்தாலும் நிற்காது, சாமிக்கு வேண்டுமானால் வையுங்கள் என்றுவிட்டான்.

ரேவதி பேசவில்லை. மார்கழி போனது, பொங்கல் போனது. கோலமாவு வேண்டுமென்றால் எழிலிடம் சொல்லி வாங்கிக்கொண்டாள். பாஞ்சாலை சமாதானத்துக்கு ஒருதரம் கொழுக்கட்டை அனுப்பினாள். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது, கொழுக்கட்டையும் வேறொரு தட்டில் கூடவே வந்தது.

மாசியில் ஒருநாள் ரேவதிக்குப் பல் வலி. முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. பிரசாத் வேலைக்குப் போயிருந்தான், மாமனார் ஊரில் இல்லை. பாஞ்சாலை கூடத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ரேவதி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனாள், குழந்தையோடு திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பல் டாக்டரிடம் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார முடியாது. எதிர்வீட்டு வள்ளியின் வீடு திறந்துதான் இருந்தது. அங்கே கொடுப்பாள் என்றுதான் பாஞ்சாலை நினைத்தாள், தலை நிமிராமல் கீரையை உருவினாள்.

கீரைத் தட்டின் மேல் நிழல் விழுந்தது. ரேவதி குனிந்து இனியாவை அவள் மடியில் உட்கார வைத்தாள்.

"பன்னெண்டு மணிக்குள்ள வந்துடுவேன்" என்றாள், வலியில் பாதி வாயால். "சாதம் ஊட்டிடுங்க. குழைவா பிசைஞ்சாதான் சாப்பிடுவா."

"சரி" என்றாள் பாஞ்சாலை.

இனியா ஒரு கொத்துக் கீரையைப் பிடுங்கி வாயில் வைத்தாள். பாஞ்சாலை அதை மெல்ல எடுத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சோற்றுக்கு உலை வைக்க எழுந்தாள்.